ரிஜெக்ட் சார் ஒரு பையைப் பிடுங்கினார்

பை கைக்கு வந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

அவர் எதிர்பார்த்து வந்தது உதையை. வயிற்றில் ஒன்று, முழங்காலில் ஒன்று, பயிற்சி நிஜமாகவே தரமானது என்றால் கையை முறுக்கித் தரையில் சாய்ப்பது. இதற்காகவே சட்டைக்குள் நாற்காலி மெத்தை ஒன்றை நாடா போட்டுக் கட்டிக்கொண்டு, மூக்குக்கு மேல் கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு, தையல் மெஷின் கடையை ஒட்டிய சந்தில் வெகுநேரமாக நின்றிருந்தார். அவர் காத்திருந்த மருந்துக்கடைப் பெண் தோளில் பையோடு வந்தாள். "பையைக் குடும்மா" என்று குரலைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார். கொடுத்துவிட்டாள்.

கொடுத்துவிட்டு, அவர் பழக்கதோஷத்தில் அதன் ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து நிமிர்வதற்குள் திரும்பி ஓட்டம் பிடித்தாள்.

"ஏம்மா, நில்லும்மா! இது சும்மா டெஸ்ட்டு! ஒரு உதையாவது குடுத்துட்டுப் போம்மா!"

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சந்தின் மறுமுனையில் திரும்பிக் காணாமல் போனாள். அவரும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தார். மெத்தை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைத்தது. நின்றுவிட்டார்.

மனதுக்குள் சிவப்பு முத்திரை ஒன்று ஓங்கி விழுந்தது. ரிஜெக்ட்.

அந்த வார்த்தைதான் அவருடைய பெயர். பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. நாற்காலியில் உட்காருவார், சாய்வார், முன்னங்காலைத் தூக்கி ஆட்டுவார், மணல் மூட்டையை மேலிருந்து போடுவார். கடைசியில் "ரிஜெக்ட்" என்பார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் சொன்னது சொன்னதுதான். தொழிலாளர்கள் வைத்த பெயர் முதலாளி வாய்க்கும் வந்து, இப்போது தெருவில்கூட அவர் ரிஜெக்ட் சார்தான். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. அவர் பாஸ் பண்ணிய நாற்காலியிலிருந்து யாரும் விழுந்ததாக இதுவரை புகார் வந்ததில்லை. மனிதர் தலை நிமிர்ந்து நடக்க அது போதாதா?

தலை நிமிர்ந்து நடந்தவர்தான் இப்போது ஒரு பெண்ணின் பையோடு சந்தில் நிற்கிறார்.

எல்லாம் மகளுக்காக. மகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மத்தியானம் போனால் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் விடுவார்கள். வருவதா இல்லையா என்று நாளைக் காலையில் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ராத்திரி தனியா பஸ் ஸ்டாப்புலேர்ந்து நடந்து வருவியா? முடியவே முடியாது" என்றார் அவர், சேதி வந்த அன்றே.

"அப்பா, இந்த வேலைக்காகத்தான் நான் படிச்சேன். வீட்டுல உக்காந்து உங்க நாற்காலியைத் தேய்க்கறதுக்கா?"

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. மகள் கெட்டிக்காரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பயம்தான். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனையில் போய் நிற்பார். இன்றைக்கும் அந்தப் பயம் ஒரு இஞ்ச் குறையவில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவர் நிபந்தனையாகப் போட்டார்: தற்காப்புக் கலை கற்றுக்கொண்டால் வேலைக்குப் போகலாம். எந்தப் பள்ளி தரமானது என்று அவர்தான் பார்த்துச் சொல்வார். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் வேலை கிடையாது.

"நீங்க பாத்தா எப்படிப்பா தேறும்?" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது.

மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குங்க ஊரெல்லாம் அலையணும்? அவளுக்கு வேண்டியதை நானே சொல்லித் தரேன்."

ரிஜெக்ட் சார் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. "நீயா? தெருவுல வாக்கிங் போறதே உனக்கு ஒழுங்கா வரல. கையைக் கண்டபடி வீசி நடந்துட்டு வந்து தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கற. இது டெக்னிக்கல் சமாசாரம், விடு."

டாக்டர் சொன்னாரென்று அவள் சில வருஷங்களாகச் சாயங்காலம் வாக்கிங் போகிறாள். வீட்டில் குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி என்று எல்லாவற்றையும் பரிசோதிக்கிற ரிஜெக்ட் சார், அந்த வாக்கிங்கை மட்டும் விட்டுவைத்திருந்தார். நடப்பதில் பார்க்க என்ன இருக்கிறது? மனைவி சமையலைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

முதல் பள்ளிக்குப் போனார். வாசலிலிருந்து கூரைவரை கோப்பைகள். அவர் ஒரு கோப்பையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு கிழிபடாமல் இருந்தது. இன்னொன்றைத் திருப்பினார். அதிலும் இருந்தது. "இதெல்லாம் எந்தப் போட்டியில ஜெயிச்சது?" என்று கேட்டார். "பல போட்டியிலங்க" என்றார் அந்த மாஸ்டர். ரிஜெக்ட்.

இரண்டாவது பள்ளியில், சேர்ந்த சில மாதத்திலேயே கறுப்பு பெல்ட் உத்தரவாதம் என்றார்கள். ரிஜெக்ட் சார் அங்கே கறுப்பு பெல்ட் கட்டிய ஒருவரைத் தோளில் லேசாகத் தள்ளிப் பார்த்தார், நாற்காலியைத் தள்ளுவதுபோல. அந்த மனிதர் போய்ச் சுவரில் முட்டி அழுதேவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் நேரம் பிடித்தது. ரிஜெக்ட்.

மூன்றாவதுதான் தையல் மெஷின் கடையின் மாடியில் இருந்த இந்தப் பள்ளி. இம்முறை அவர் வேறு வழி யோசித்தார். நாற்காலியின் தரத்தை நாற்காலி செய்கிறவனிடமா கேட்கிறோம்? உற்பத்தியிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பார்க்கிறோம். பள்ளிக்கும் அதே விதிதான். சாம்பிள் எடுக்க வேண்டும். சாம்பிளுக்குத் தெரியக் கூடாது. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தையல் மெஷின் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். "மேல நல்லாக் கத்துக்கிட்டவங்க யாராவது இருக்காங்களா?"

"லேடீஸ் பேட்ச்சுல அந்த மருந்துக்கடைப் பொண்ணு ரொம்ப நாளா வருதுங்க. வேலை முடிஞ்சு இந்தச் சந்து வழியாத்தான் வரும்."

உடனே மருந்துக்கடைக்குப் போய்த் தலைவலித் தைலம் கேட்டு, சாம்பிளின் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டார். தொழிற்சாலையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்துக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்து, மனைவியிடம் நீட்டினார்.

"இதுல நாடா தைச்சுக் குடு. இடுப்பு வலி."

"இடுப்பு வலிக்கு மெத்தையா? ஏங்க, சமையல் வேற பாதியில இருக்கு. இப்பவே தைக்க உக்காந்தா வாக்கிங்குக்கு லேட்டாயிடும்."

"ஒரு நாள் லேட்டாப் போனா ரோடு எங்கயும் ஓடிடாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தாள். தையல் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டு கிளம்பியவர்தான் நம்முடைய ரிஜெக்ட் சார்.

இப்போது கையில் பை. விலாசம் ஏதாவது இருக்கிறதா என்று திறந்தார். மடித்து வைத்த வெள்ளைச் சீருடை, துண்டு, தண்ணீர் பாட்டில், அடியில் ஒரு சாவிக்கொத்து. வீட்டுச் சாவி. அந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு சாவியில்லாமல் அழுதால்? அவளுக்கும் ஓர் அப்பா இருப்பாரே, தெருமுனையில் நின்றுகொண்டு.

பையை மாடி வாசலில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் வந்துவிடுவது என்று தீர்மானித்தார். கைக்குட்டையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படியேறினார். வாசலில் செருப்புகள் ஒரே வரிசையில், எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தன. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே குனிந்து பையை வைத்தபோது கதவு திறந்தது.

வெள்ளைச் சீருடையில், நிலையைத் தலை தொடும் உயரத்தில் ஒரு பெண் நின்றாள்.

"யாரு சார்?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பை ரோட்டுல கெடந்துச்சு. உள்ள யூனிஃபார்ம் இருந்துச்சா, அதான் இங்க குடுத்துட்டுப் போலாம்னு."

"மாஸ்டர்!" என்று உயரப் பெண் உள்ளே பார்த்துக் கத்தினாள். "பை கெடைச்சிடுச்சு!"

மூக்குக் கண்ணாடி போட்ட சின்ன உருவமாக மாஸ்டர் வந்தார். குரல் அதைவிடச் சின்னது. "ரோட்டுல கெடந்துச்சா? திருடன் வாங்கிட்டு ஓடிட்டான்னு எங்க பொண்ணு இப்பத்தான் மூச்சு வாங்க வந்து சொன்னா."

ரிஜெக்ட் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பிள் வீட்டுக்கு ஓடவில்லை. சுற்றுத் தெரு வழியாக இங்கேதான் வந்திருக்கிறது.

"ஆமாமா, திருடன்தான். ஓடிட்டிருந்தான். நான்தான் துரத்தினேன். பயந்து போட்டுட்டு ஓடிட்டான்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி உள்ளே இழுத்துப் போனார்.

"எல்லாரும் பாருங்க! இந்தப் பெரியவர் தனி ஆளா திருடனைத் துரத்தியிருக்காரு!"

கூடம் முழுக்கக் கைதட்டியது. பாய் விரித்த தரையில் சீருடையோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளும் கைதட்டினாள்.

அப்பாடா, அடையாளம் தெரியவில்லை. அவருக்கு உயிர் வந்தது. கூடவே வருத்தமும் வந்தது. இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த ஆளை மறந்துவிட்டாளே, கவனிக்கவும் சொல்லித்தரவில்லையா இங்கே? இன்னொரு சிவப்பு முத்திரை.

"வேலை இருக்கு, நான் வரேன்."

"அது எப்படிங்க? எப்படிப் புடிச்சீங்கன்னு இவங்களுக்கு ஒரு தடவ காட்டிட்டுப் போங்க. நேர்ல பாத்தா நல்ல பாடமா இருக்கும்." மாஸ்டர் உயரப் பெண்ணைக் கூப்பிட்டார். "இவதான் திருடன்னு வச்சுக்குங்க."

வேறு வழியில்லாமல் ரிஜெக்ட் சார் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தார். பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்த நொடி கூரையில் மின்விசிறி தெரிந்தது. முதுகுக்குக் கீழே பாய். எங்கேயும் வலிக்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் போட்டிருந்தாள்.

படுத்தபடியே அவர் பாயை விரலால் அழுத்திப் பார்த்தார். நல்ல தடிமன். ஓரத்தில் பிரியவில்லை. தள்ளிய பெண் அவர் தலை தரையில் படாமல் இருக்கக் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்திருந்தாள். தேர்ந்த கை. ஆளை விழவைக்க யாரும் சொல்லித்தரலாம். விழுகிறவனுக்கு அடிபடாமல் விழவைக்கச் சொல்லித்தருகிறவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது. பள்ளி தேட ஆரம்பித்தபின் முதல்முறையாக அவருக்குள் பச்சை முத்திரை ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

எழுந்திருக்கும்போது சட்டைக்குக் கீழிருந்து மெத்தை எட்டிப் பார்த்தது.

"அது என்னங்க?" என்றார் மாஸ்டர்.

"இடுப்பு வலி."

"வயித்துல கட்டியிருக்கீங்களே?"

"வலி சுத்தி வருது."

"அடடா. முதல்ல உக்காருங்க." ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ரிஜெக்ட் சார் வழக்கப்படி முன்னங்காலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். அவருடைய தொழிற்சாலை நாற்காலிதான், அவரே பாஸ் பண்ணியது. நிம்மதியாக உட்கார்ந்தார். இந்த நாற்காலியும் அவரும் இருக்கும்வரை ஒரு கெடுதலும் நடக்காது என்று ஒரு தைரியம்.

"திருடன் எப்படி இருந்தான்னு சொல்லும்மா" என்றார் மாஸ்டர், மருந்துக்கடைப் பெண்ணிடம். "சார் பாத்தவராச்சே. சேந்து சொன்னா தெளிவாயிடும்."

அவள் எழுந்து வந்து அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். "ஆறடிக்கு மேல இருப்பான் மாஸ்டர்."

ரிஜெக்ட் சார் நெளிந்தார். ஆறடியா? இது என்ன அளவு? கண் அளவில் ஒரு சாண் வரைக்கும் பிழை போகலாமா? பேசாமல் இருந்திருக்க வேண்டும். அவருடைய உத்தியோகம் அவரைப் பேசாமல் இருக்க விடவில்லை.

"அவ்வளவு உயரம் இல்லம்மா. ஏறக்குறைய என் உயரம்தான்."

"அப்படியா? ஆனா ஒல்லியா, குச்சி மாதிரி இருந்தான்."

"யாரு சொன்னது? நல்லா தொப்பை இருந்துச்சே."

"தலை நெறைய சுருட்டை முடி."

"முடியே கெடையாதும்மா! வழுக்கை. சந்து வெளிச்சத்துல பளபளன்னு இருந்திருக்குமே, அதைக்கூடவா பாக்கல?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இப்படிச் சொன்னா போலீஸ் எவனையாவது புடிச்சிட்டுப் போயிடும். ஒரு நிரபராதி மாட்டிக்குவான். அளவு சொன்னா சரியாச் சொல்லணும்."

"சாரி சார். சட்டை சிவப்பு கலர், இல்லீங்களா?"

"கட்டம்மா, கட்டம்! ஊதாவுல வெள்ளைக் கட்டம் போட்டு, இதோ இந்த மாதிரி..."

தன் சட்டையைப் பிடித்து நீட்டிக் காட்டியபோதுதான் அவர் வாய் நின்றது.

உயரப் பெண் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. மற்ற பெண்கள், அவர் கவனிக்காமலே, அவரைச் சுற்றி வட்டமாகிவிட்டார்கள்.

"சந்துலயே தெரியும் சார்" என்றாள் மருந்துக்கடைப் பெண் அமைதியாக. "மத்தியானம் தலைவலித் தைலம் வாங்க வந்தீங்க. மூடியத் திருகித் திருகிப் பாத்து, சரியில்லைன்னு டப்பாவா மாத்திக்கிட்டே இருந்தீங்க. சாயங்காலம் பையை வாங்கின உடனே ஜிப்பை ரெண்டு தரம் இழுத்துப் பாத்தீங்க. பிடுங்கின பையோட ஜிப்பை எந்தத் திருடன் சார் செக் பண்ணுவான்?"

"அப்ப எதுக்கும்மா ஆறடி, சுருட்டை முடின்னு..."

"தெரிஞ்சதைக் காட்டிக்காம பேச்சுக் குடுக்கணும், நம்ம ஆளுங்க கதவைச் சாத்தற வரைக்கும். எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

ரிஜெக்ட் சார் ஆடிப்போனார். மாட்டிக்கொண்டதற்காக இல்லை. உதைக்காமல் ஓடியது பயத்தால் இல்லை; ஆள் இருக்கிற இடத்துக்கு ஓடியிருக்கிறாள். மறக்கவும் இல்லை. ஒரு கீறல் இல்லாமல், திருடனைத் தானாகவே படியேறி வரவைத்து, அவன் வாயாலேயே அவனை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாம்பிளை அவர் பார்த்ததில்லை. அவர் போட்ட சிவப்பு முத்திரைகள் எல்லாம் தப்பு.

நாற்காலியை விட்டு எழுந்தார். வட்டம் ஓரடி நெருங்கியது. உட்கார்ந்துகொண்டார்.

"பாஸ்!" என்றார் உரக்க.

"என்னது?"

"உங்க ஸ்கூல் பாஸ். நான் திருடன் இல்ல, குவாலிட்டி செக்கிங். என் பொண்ணைச் சேக்கறதுக்காக டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். வேணும்னா இந்த நாற்காலியக் கேளுங்க, நான் பாஸ் பண்ணினதுதான் இது."

"நாற்காலியை எப்படி சார் கேக்கறது?" என்றாள் உயரப் பெண்.

"பொண்ணைச் சேக்கணும்னா நேரா வந்து கேக்கலாமே" என்றார் மாஸ்டர். "பையைப் பிடுங்கிட்டா வருவாங்க? எனக்கு ஒண்ணும் புரியலீங்க. போலீசைக் கூப்பிடறதா வேண்டாமான்னு லேடீஸ் பேட்ச் டீச்சர் வந்து முடிவு பண்ணட்டும். அவங்க ஸ்டூடன்ட் விஷயம். எப்பவும் எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவாங்க, இன்னிக்கு ஏன்னு தெரியல, லேட்டு."

"டீச்சர் ரொம்பக் கோபக்காரங்களா?" என்று ரிஜெக்ட் சார் கேட்டார்.

"சேச்சே, பாக்க ரொம்ப சாது" என்ற மாஸ்டர் தன் தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். "போன வாரம் என்னையே ரெண்டு தரம் தூக்கிப் போட்டாங்க. இன்னும் கையத் தூக்க முடியல."

ரிஜெக்ட் சாரின் கண்முன் இந்த உயரப் பெண்ணைப்போல் இரண்டு மடங்கு உருவம் ஒன்று வந்து நின்றது. போலீஸ், தொழிற்சாலை, முதலாளி, எல்லாருக்கும் மேலாக மகளின் முகம் என்று வரிசையாக வந்தது. ராத்திரி பயம் என்று சொல்லி அவள் வேலையைத் தடுத்தவர், அதே தெருவில் திருடனாகப் பிடிபட்டால் அவள் எந்த முகத்தோடு வெளியே போவாள்? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு போன் பண்ணிக்கலாமா? என் சம்சாரத்துக்கு. அவ வந்து சொன்னா நீங்க நம்புவீங்க."

மாஸ்டர் தலையசைத்தார். மறுமுனையில் மூச்சிரைத்தது.

"என்னங்க? வாக்கிங்ல இருக்கேன், வேகமாப் போயிட்டிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

"ஒரு சின்னச் சிக்கல். நீ உடனே வந்து நான் நல்லவன்னு சொல்லணும்."

"யாருகிட்ட?"

"ஒரு கராத்தே ஸ்கூல்ல. புடிச்சு உக்கார வச்சிருக்காங்க. மெயின் ரோட்டுக்குப் பின்னாடி, தையல் மெஷின் கடை மாடியில."

மறுமுனையில் மூச்சிரைப்பது நின்றது.

"ஹலோ? இருக்கியா?"

"அங்க போய் என்னங்க பண்ணீங்க?"

"நேர்ல சொல்றேன். வருவியா மாட்டியா?"

"எப்படியும் அந்தப் பக்கம்தான் வந்திட்டிருக்கேன்" என்றாள் அவள். "எதையும் தொடாம, யாரையும் செக் பண்ணாம, அப்படியே உக்காந்திருங்க."

போனை வைத்த ரிஜெக்ட் சாருக்குப் பாதித் தைரியம் திரும்பியது. அடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"வேலைக்கு வரேன்னு சொல்லிடும்மா. நாளைக் காலையில வரைக்கும் காத்திருக்க வேணாம், இப்பவே சொல்லிடு."

"அப்பா! நெஜமாவா? ஸ்கூல் தேறிடுச்சா?"

"தேறிடுச்சா! இங்க ஒரு டீச்சர் இருக்காங்களாம். நான் இன்னும் பாக்கல. ஆனா அவங்க சொல்லிக் குடுத்த வேலையைப் பாத்துட்டேன். அவங்ககிட்ட நீ கத்துக்கிட்டா நான் தெருமுனையில வந்து நிக்கவே மாட்டேன்."

அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. வட்டம் கொஞ்சம் தளர்ந்தது. உயரப் பெண்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"மாஸ்டர்" என்றார் ரிஜெக்ட் சார், போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. "இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். அந்த டீச்சர் என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன். என் வாழ்க்கையில ஒருத்தர் வேலையில ஒரு குறைகூட கண்டுபிடிக்க முடியாமப் போனது இதுதான் முதல் தடவை. இனிமே அவங்க வச்சதுதான் சட்டம்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான். பாக்டரியில கேட்டுப் பாருங்க."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. விரைவாக, ஒரே சீராக ஏறி வந்தது. உயரப் பெண் தாழ்ப்பாளைத் திறந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்து, தோளில் பழைய பையை மாட்டிக்கொண்டு, அவர் மனைவி வாசலில் செருப்பைக் கழற்றி வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மாடியேறியும் மூச்சு கொஞ்சம்கூட வாங்கவில்லை.

அவளைப் பார்த்ததும் கூடத்திலிருந்த அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, கால்களைச் சேர்த்து, தலை குனிந்து வணங்கினார்கள். மாஸ்டரும் வணங்கினார். ரிஜெக்ட் சாருக்கு மனம் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத விருந்தாளிக்கே இவ்வளவு மரியாதை! கடைசிப் பச்சை முத்திரையையும் குத்தினார்.

"வந்தாச்சு, என் சம்சாரம் வந்தாச்சு!" என்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நாடா அவிழ்ந்து மெத்தை பொத்தென்று தரையில் விழுந்தது. "இவளைக் கேளுங்க, நான் எப்படிப்பட்ட ஆளுன்னு இவ சொல்லுவா!"

மனைவி மெத்தையைப் பார்த்தாள். தான் தைத்த நாடாவைப் பார்த்தாள். மருந்துக்கடைப் பெண்ணின் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைப் பெண் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பையைக் குடுத்துட்டு ஓடி வந்து, பேச்சுக் குடுத்து திருடனை உக்கார வச்சிருக்கேன் டீச்சர், போலீசைக் கூப்பிடவா, இல்ல நீங்களே பாத்துக்கறீங்களா?"